பாலம் பற்றிய ஒரு திருத்தம்

"மழை வருது" என்றார் ஆறுமணி.

அவர் பெண்டாட்டி தையல் மிஷினை நிறுத்தினாள். எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையில் நாலு சொட்டு விழுகிறவரை நின்றாள். அதற்கப்புறம்தான் மொட்டைமாடியில் காய்கிற துணியை எடுக்க ஓடினாள். அதற்குள் பாதித் துணி நனைந்துவிட்டது.

"நான்தான் சொன்னேனே?"

"நீங்க நிறைய சொல்வீங்க."

அவளைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஆறுமணி என்பது அந்த மனுஷனுக்குத் தெரு வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷமாக ரேடியோவில் சாயங்காலம் ஆறு மணிச் செய்தி வாசிப்பவர். செய்தி சேகரிக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, இவரை உட்கார வைத்தார்கள், அப்புறம் எழுந்திருக்க விடவில்லை. அப்படி ஒரு குரல். "வணக்கம்" என்றால் ஜனங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள்.

அந்தக் குரலில்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தச் செய்தியை வாசித்தார். ரயில் பாதைக்கு மேலே நடைபாலம் இந்த மாத இறுதிக்குள் கட்டி முடிக்கப்படும் என்று அமைச்சர் தெரிவித்தார். அடுத்த வருஷமும் வாசித்தார். மொத்தம் பதினாலு தடவை. பாலத்துக்கு ஒரு தூண் வந்தது. அதில் அமைச்சர் படம் ஒட்டினார்கள். அப்புறம் வேறு அமைச்சர், வேறு படம். தூண் மட்டும் அதேதான்.

வீடுகளெல்லாம் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். பள்ளிக்கூடம், மருந்துக்கடை, அவர் பெண்டாட்டியின் தையற்கடை எல்லாம் அந்தப் பக்கம். சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். அதனால் நின்றிருக்கும் சரக்கு ரயிலுக்கு அடியில் குனிந்து போவார்கள். அவளும் துணி மூட்டையோடு அப்படித்தான் போய்வந்தாள். ஒருநாள் அவள் வெளியே வந்துவிட்டாள், மூட்டை வருவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. பன்னிரண்டு பள்ளிச் சட்டை இருபத்துநாலாக வந்தது. அன்றைக்குச் சொன்னாள், "அந்தப் பாலம் வர்ற வரைக்கும் உங்க வாயிலிருந்து வர்ற எதையும் நான் நம்பறதா இல்லைங்க." சொன்னபடியே இருந்தாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று இவர் கத்தினால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அணைப்பாள்.

ரேடியோ நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. செய்தியில் தப்பு வந்துவிட்டால், அந்தச் செய்தி முடிவதற்குள் ஒரு ரோஸ் தாளில் திருத்தம் எழுதி, வாசிக்கிறவரின் இடது முழங்கைப் பக்கம் ஓசையில்லாமல் வைத்துவிடுவார்கள். அவர் "ஒரு திருத்தம்" என்று சொல்லி வாசிக்க வேண்டும். ஒரு தடவை அண்ணன் செத்ததற்குத் தம்பி செத்ததாக வாசித்துவிட்டார். திருத்தியதும் தம்பிக்காரர் நேரில் வந்து, உயிர் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், தாள் இருக்கிறதோ இல்லையோ, பேசி முடிக்கிற நேரத்தில் அவர் இடது கை தானாகப் போய்த் தடவும். வீட்டில்கூட, "சாப்பாடு பிரமாதம்" என்பார், கை கழுவப் போகுமுன் இடது பக்கம் தடவிவிட்டு, "ஒரு திருத்தம். உப்பு கொஞ்சம் கம்மி" என்பார்.

பாலத்துக்கும் ஒரு ரோஸ் தாள் போடலாமே என்று செய்தி ஆசிரியரைக் கேட்டுப் பார்த்தார்.

"எதுக்குய்யா? நாம என்ன சொன்னோம்? பாலம் முடியும்னு அமைச்சர் சொன்னார்னு சொன்னோம். அவர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"பாலம் முடியல. ஆனா சொன்னது சொன்னதுதானே? இதுல திருத்த என்ன இருக்கு?"

இந்த நிலைமையில்தான் கட்சியின் செயலாளர் வீடு தேடி வந்தார். ஆளும் கட்சி. கூட நாலு பேர் வந்தார்கள், ஒருத்தர் நாற்காலியைத் துடைப்பதற்கு, மற்ற மூன்று பேர் அவர் துடைப்பதைப் பார்த்துக்கொள்வதற்கு.

"தம்பி, ஒளிவுமறைவில்லாம சொல்றேன்" என்று செயலாளர் ஆரம்பித்தார். "நாட்டுல எதை நம்பறீங்கன்னு ஜனங்ககிட்ட ஒரு கணக்கெடுப்பு எடுத்தோம். முதல் இடம் உங்க குரல். ரெண்டாவது சுவர்க் கடிகாரம். நம்ம கட்சி பத்தொன்பது. பதினெட்டாவது இடத்துல தராசு இருக்கு, அதுவும் காய்கறிக் கடைத் தராசு."

"அடடா."

"கொடி இருக்கு, சின்னம் இருக்கு, தலைவர் இருக்கார். நம்பற மாதிரி ஆள்தான் இல்ல. நாமளே அப்படி ஆயிடலாமான்னு ஒரு குழு போட்டு யோசிச்சோம். நாற்பது வருஷம் ஆகும்னு அறிக்கை கொடுத்துட்டாங்க. தேர்தல் ரெண்டு மாசத்துல. அதான் வெளியிலிருந்து ஒருத்தரைக் கொண்டு வந்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

ஆறுமணி யோசித்தார். "அந்தப் பாலம் வருமா?"

"பாலமா? தம்பிக்காக பத்துப் பாலம்!"

உள்ளே தையல் மிஷின் நின்றது. "ஒண்ணு போதும்" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. மறுபடியும் மிஷின் ஓட ஆரம்பித்தது.

வேட்பாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். முதல் நாள் கைதட்டுகிற வகுப்பு. தலைவர் பேச்சை நிறுத்தினால் தட்ட வேண்டும். தண்ணீர் குடித்தால் எழுந்து நின்று தட்ட வேண்டும். தும்மினால் தட்டக் கூடாது, ஆனால் தும்மலுக்கு எதிர்க்கட்சிதான் காரணம் என்று முகத்தில் தெரிய வேண்டும். ஆறுமணிக்கு அந்த முகம் மட்டும் வரவே இல்லை.

இரண்டாம் நாள் பதில் சொல்கிற வகுப்பு. பயிற்சி ஆசிரியர் இவரை எழுப்பி நிறுத்தினார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"தப்பு."

"செவ்வாய்தானேங்க?"

"கிழமை சரிதாங்க. பதில்தான் தப்பு. இப்படிச் சொல்லணும். கிழமையைப் பத்திக் கேக்க அவங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு? அவங்க ஆட்சியில வாரத்துக்கு ஏழு நாள் இருந்துச்சாங்கறது மக்களுக்குத் தெரியும். எங்க சொல்லுங்க."

ஆறுமணி அதை அப்படியே சொன்னார். வகுப்பே மெய்மறந்து கேட்டது. முன்வரிசையில் ஒருத்தர், போன ஆட்சியில் நிஜமாகவே வாரத்துக்கு ஆறு நாள்தான் இருந்ததோ என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். சொல்லி முடித்த ஆறுமணியின் இடது கை மேஜையைத் தடவியது.

"ஒரு திருத்தம். செவ்வாய்."

ஆசிரியர் தம் அறிக்கையில் எழுதினார்: குரல் முதல் தரம், இடது கைக்கு வைத்தியம் பார்க்கவும். அந்த அறிக்கையை வழக்கம்போல யாரும் படிக்கவில்லை.

பிரசாரத்தில் அவருக்கு மேடைப் பேச்சு வரவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தார். "வணக்கம். முக்கியச் செய்திகள். ஆறுமணி என அழைக்கப்படும் வேட்பாளர் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார்" என்று ஒலிபெருக்கியில் வாசித்தார். செய்தியிலேயே சொல்லியாகிவிட்டது, இனிமேல் நாம் மாற்றவா முடியும் என்று ஜனங்கள் போய் அவருக்கே குத்திவிட்டு வந்தார்கள்.

பக்கத்துத் தெரு சலூன்காரர் மட்டும் மனசில் பட்டதைச் சொன்னார். "அண்ணே, நானும் உங்களுக்குத்தான் போட்டேன். ஜெயிச்சா பாலம் கட்டுவீங்கன்னு இல்ல. நீங்க போயிட்டா பாலச் செய்தி வாசிக்க ஆள் இருக்காதேன்னுதான்."

நாடாளுமன்றத்தில் அவருக்கென்றே ஒரு பதவி உண்டாக்கினார்கள். பதில் வாசிப்புத் துணை அமைச்சர். எந்தத் துறைக்குக் கேள்வி வந்தாலும் பதிலை இவர்தான் வாசிக்க வேண்டும். அது நன்றாகவே வேலை செய்தது. மற்ற அமைச்சர்கள் வாசித்தால் எதிர்க்கட்சி மேஜையைத் தட்டும், காகிதம் கிழிக்கும். இவர் வாசித்தால் ரேடியோ கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்கள். விலைவாசி குறைந்துவிட்டது என்று ஒருநாள் வாசித்தார். எதிர்க்கட்சித் தலைவர் அன்று வீட்டுக்குப் போய், "இன்னும் ஏன் பழைய விலைக்கே வாங்கறே?" என்று சம்சாரத்திடம் சண்டை போட்டதாகக் கேள்வி. அங்கே வாசிக்கிற தாளெல்லாம் அதிகாரிகள் எழுதுவது, கையெழுத்து வேறு ஆளுடையது, தப்பென்றால் அவர்கள்தான் ரோஸ் தாள் அனுப்ப வேண்டும், வரவில்லையே என்று இவரும் மனசைச் சமாதானம் செய்துகொண்டார். இடது கையை மட்டும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசிப்பார்.

பாலத்துக்காக மனு கொடுத்தார். மனு போய்விட்டுத் திரும்பி வந்தது. அரசு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் முதலில் அவையில் யாராவது கேள்வி கேட்க வேண்டுமாம். சரி, நானே கேட்கிறேன் என்றார். அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்கக் கூடாதாம், கேட்டால் அவருக்குத் தெரியாது என்று ஆகிவிடுமாம். கடைசியில் எதிர்க்கட்சியில் ஒரு கண்ணாடி போட்ட உறுப்பினரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அவரும் நல்ல மனுஷன், எழுதிக் கொடுத்தார். ரயில் பாதை நடைபாலம் முடிந்துவிட்டதா?

பதில் தாள் வந்தது. ஆறுமணி படித்துப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தார். நேரே செயலாளரிடம் ஓடினார்.

"ஐயா, பாலம் ஆறு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சு ஜனங்க நடந்துக்கிட்டு இருக்காங்கன்னு எழுதியிருக்காங்க!"

"ஆமா. மாசாமாசம் முடியும் முடியும்னு எவ்வளவு நாள்தான் கோப்பைத் திறந்தே வச்சிருக்கறது? முடிச்சுட்டாங்க."

"எதை?"

"கோப்பை."

"ஐயா, அங்க ஒரு தூண்தான் இருக்கு. இது பொய் இல்லையா?"

செயலாளர் அவர் தோளில் கை போட்டார். "பொய்ங்கறது வெளியில பேசறது தம்பி. உள்ள பேசினா அதுக்குப் பேரு பதில். இதை மட்டும் நல்லபடியா வாசிச்சுடுங்க, அடுத்த வாரமே உங்களைப் பாலத் துறைக்கு முழு அமைச்சராக்கறதா தலைவர் வாயாலேயே சொல்லிட்டார். அப்புறம் நீங்களே கட்டிக்குங்க."

"கட்டி முடிச்சதா வாசிச்ச பிறகு எப்படிய்யா கட்டறது?"

"அதுக்கென்ன, பழுதுபார்ப்புன்னு போட்டு மொத்தத்தையும் கட்டிட வேண்டியதுதான்."

ஆறுமணிக்குத் தலை சுற்றியது. ஆனால் ஒரு வழியாகப் பாலம் வந்துவிடும் போலவும் இருந்தது. பழுது பார்த்து வந்தால் என்ன, எப்படி வந்தால் என்ன? வாசித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டில் சொன்னார். "நாளைக்கு ரேடியோவுல நேரடியா போடறாங்க. பாலத்தைப் பத்தி."

"கேக்கறேன்" என்றாள் அவள். அவ்வளவுதான்.

மறுநாள் அவை நிறைந்திருந்தது. கண்ணாடிக்காரர் எழுந்து கேட்டார். ஆறுமணி எழுந்து வாசித்தார். "மேற்படி நடைபாலம் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டு, மக்கள் பயன்பாட்டில் உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." குரல் கணீரென்று இருந்தது. ஆளும் கட்சி தட்டியது. எதிர்க்கட்சியில்கூட ரெண்டு பேர் தவறிப்போய்த் தட்டிவிட்டார்கள்.

அவையில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. ஆறு அடிக்க ரெண்டு நிமிஷம் இருந்தது. உட்காரப் போனவர் அதை நிமிர்ந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்த இடது கை வெளியே வந்து மேஜையைத் தடவியது. ரோஸ் தாள் இல்லை. ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"ஒரு திருத்தம்."

சொன்னதும் அவரே திடுக்கிட்டார். ஆனால் அந்த ரெண்டு வார்த்தைக்கு அப்புறம் நிறுத்துகிற வழக்கம் அந்த வாய்க்கு இல்லை.

"சற்று முன் வாசித்த பதிலில், பாலம் முடிந்துவிட்டது என்று குறிப்பிடப்பட்டது. அது தவறு. அங்கே ஒரு தூண் உள்ளது. தூணில் தற்போது என் படம் உள்ளது. போன வாரம் விலைவாசி குறைந்ததாக வாசிக்கப்பட்டது. குறையவில்லை. அதற்கு முந்தின வாரம் இருநூறு படுக்கை கொண்ட மருத்துவமனை என்று வாசிக்கப்பட்டது. படுக்கை வந்துவிட்டது, மருத்துவமனை வரவில்லை."

எதிர்க்கட்சி பெஞ்சு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"முந்தைய ஆட்சியில் இதே பாலத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதாகப் பலமுறை வாசித்திருக்கிறேன். அந்தக் கல்லின் மேல் தற்போது சலூன்காரர் கத்தி தீட்டுகிறார்."

சிரிப்பு சட்டென்று நின்றது. இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்து எழுந்து, "நீக்கு! நீக்கு!" என்று கத்தின. அவை ஒற்றுமையாக இருந்தது அன்றைக்குத்தான். இரைச்சலுக்கு நடுவே அவர், "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடிகாரம் ஆறு அடித்தது.

வீட்டுக்கு வந்தால், பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கேட்டியா?"

"கேட்டேன். ஜனங்க நடந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னீங்க. ரேடியோவை அணைச்சுட்டு, சரக்கு ரயிலுக்கு அடியில குனிஞ்சு வந்தேன்."

"ஐயோ, அதுக்கப்புறம் திருத்தினேனே!"

"அப்படியா?"

"சலூன்காரரைக் கேட்டுப் பாரேன்."

"அவர் நாலு முடி வெட்டினா நாற்பது கதை சொல்வாரு. நாளைக்குப் பேப்பர்ல வரட்டும், பாக்கறேன்."

பேப்பரில் வரவில்லை. திருத்தத்தை அவைக் குறிப்பிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று முடிவாகும்வரை அச்சிடக் கூடாது என்று அவைத்தலைவர் தடை போட்டுவிட்டார். முடிவு சொல்ல வேண்டியவர் அவையின் பதிவு அதிகாரி. ஒல்லியான மனுஷன். விதிப்புத்தகம் அவரைவிடக் கனம். தலைவர், செயலாளர், அவைத்தலைவர் எல்லாரும் அவர் அறையில் கூடினார்கள். குற்றவாளியான ஆறுமணியை ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள்.

"அந்தத் திருத்தத்தை எடுத்துடுங்க" என்றார் தலைவர்.

"எடுக்கலாங்க. உள்ள பேசினது ஆபாசமா இருக்கணும், இல்ல யாரையாவது திட்டியிருக்கணும், இல்ல பொய்யா இருக்கணும்."

"ஆபாசம்தானே?"

"தூணைப் பத்தித்தாங்க சொல்லியிருக்கார்."

"அப்ப பொய்."

"பொய்னா, பாலம் இருக்கணுங்க."

செயலாளர் மெதுவாகக் கேட்டார், "முதல்ல வாசிச்ச பதிலை எடுத்துட்டா?"

"எடுத்தா அரசு பொய் சொன்னதா ஆயிடும். ஏழாம் விதிப்படி அரசு பொய் சொல்லாது."

மூன்று நாள் பேசினார்கள். ரயில் பாதையையே எடுத்துவிட்டால் பாலம் தேவைப்படாது என்று ஒருத்தர் யோசனை சொன்னார். அதற்கு ரயில்வேக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வேற வழியே இல்லையா?"

"இல்லீங்க."

"கட்டித் தொலைங்க" என்றார் தலைவர். அவர் ஆட்சியில் எடுத்த முடிவுகளிலேயே அதுதான் உருப்படியானது. அதை எடுக்கும்போது அவர் முகத்தில் இருந்த வேதனையைப் பார்க்க ஆறுமணிக்கே பாவமாக இருந்தது.

நாற்பது நாளில் பாலம் எழுந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பே கட்டியது என்பதால் புதிதாகத் தெரியக் கூடாது. பொறியாளர்கள் பெயிண்ட் அடித்துவிட்டு, காய்ந்ததும் அதைச் சுரண்டினார்கள். கைப்பிடிக்குத் துரு ஏற்றினார்கள். கல்வெட்டில் பழைய தேதியை வெட்டி, அதன்மேல் மண் பூசினார்கள். திறப்பு விழாவும் கிடையாது, திறந்த பாலத்தை எப்படித் திறப்பது? ஒருநாள் காலையில் மறைப்புத் தட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

சலூன்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "ஆறு வருஷமா இது இங்கதான் இருந்திருக்கு அண்ணே. நாமதான் கவனிக்காம விட்டுட்டோம்."

பாலம் வந்துவிட்டதால் திருத்தம் பொய்யாகிவிட்டது. பதிவு அதிகாரி திருப்தியோடு அதை நீக்கினார். அவையில் பொய் சொன்ன குற்றத்துக்காக ஆறுமணியின் பதவியைப் பறித்தார்கள். கட்சியும் அவரை விலக்கியது. கட்சி தொடங்கிய நாளிலிருந்து பொய் சொன்னதற்காக வெளியே அனுப்பப்பட்ட முதல் ஆள் அவர்தான்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார் செயலாளர். "உங்களால கட்சிக்கு நல்ல பேர். கணக்கெடுப்புல பதினெட்டுக்கு வந்துட்டோம். தராசைத் தாண்டிட்டோம்."

ரேடியோ நிலையத்தில் அவர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. முதல் நாளே வாசித்தார். "பாலம் இல்லை என்று அவையில் பொய்த் தகவல் தந்த உறுப்பினர் பதவி நீக்கம் செய்யப்பட்டார்." கடைசியில் இடது கை தடவிப் பார்த்தது. தாள் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே செய்தியை முடித்துவிட்டு, வீட்டுக்குப் பாலத்து வழியாக நடந்து போனார்.

பெண்டாட்டி அவருக்கு முன்பே வந்திருந்தாள். துணி மூட்டை சுவரோரம் முழுசாக இருந்தது.

"ஏங்க, ஐம்பத்திரண்டு படி."

"எண்ணினியா?"

"போகும்போதும் எண்ணினேன், வரும்போதும் எண்ணினேன். ஏழே நிமிஷம்." கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டினாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள், "அன்னிக்கு நிஜமாவே திருத்தினீங்களா?"

"திருத்தினேன்."

அவள் எழுந்துபோய் யாரையும் விசாரிக்கவில்லை. வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டு ஒரு சட்டைக் கையை மடித்தாள்.

ஆறுமணி ஜன்னலோரம் போய் நின்றார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"மழை வருது" என்றார்.

அவள் குண்டூசிகளை எடுத்து வைத்தாள். எழுந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேரே மாடிப்படி ஏறினாள்.

ஆறுமணி அப்படியே நின்றுவிட்டார். தேர்தலில் ஜெயித்த அன்றைக்குக்கூட அவருக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

அவள் துணியெல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள். ஒன்றுகூட நனையவில்லை. வெளியே காற்று வந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு போனது. வெயில் எட்டிப் பார்த்தது. ஆறுமணியின் இடது கை மெதுவாக ஜன்னல் கட்டையைத் தடவியது.

"ஒரு திருத்தம்" என்றார்.

அவள் மொத்தத் துணியையும் அவர் தலைமேல் போட்டாள்.

"மடிங்க."